மாதகல் தண்ணீரில் ஒரு செபே

மீன்தொட்டிக்கு மாதகலில் கடல்தண்ணி அள்ள ஓகஸ்ட் மாதம்தான் நல்லது. சோளகக் காற்று தரையைக் கடந்து வருவதால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடக்குக் கரை அப்போது அமர்ந்து கிடக்கும். மழை பெய்து மாதங்கள் ஆகியிருக்கும். இடுப்பளவு ஆழத்துக்குப் போய்க் கானை அமிழ்த்திப் பிடித்தால் மணல் கலங்காமல் தண்ணி ஏறும். உப்புமானியில் ஒரு துளி விட்டுச் சூரியனுக்கு நேரே பிடித்தால் ஆயிரத்துக்கு 34 அல்லது 35 பங்கு காட்டும். அதே இடத்தில் டிசெம்பரில் அள்ளினால் 30 இற்குக் கீழே இறங்கியிருக்கும், நிறமும் வேறாக இருக்கும். ஆகவே மாரிக்கு வேண்டியதையும் ஓகஸ்டிலேயே அள்ளி, நீலப் பரல்களில் ஊற்றி, வெளிச்சம் படாமல் மூடிவைப்பேன்.

கீரிமலை எங்களுக்குக் கிட்ட இருக்க ஏன் மாதகலுக்குப் போகிறாய் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். முதல் இரண்டு வருடம் நானும் கீரிமலைக்குத்தான் போனேன். கேணியில் ஊறுகிற நன்னீர் கேணியோடு நிற்பதில்லை. சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள்ளால் கடலுக்குள்ளும் ஊறிக்கொண்டிருக்கிறது. ஒரு கானில் 33, பத்தடி தள்ளி அள்ளிய அடுத்த கானில் 28. மனிதர் தீர்த்தமாடுகிற அந்தத் தண்ணி, ஒரே அளவு உப்பில் பிறந்து வளர்ந்த உயிருக்குப் பொருந்தாது. உப்புமானி வாங்கிய பிறகுதான் எனக்கு அது விளங்கியது. அதற்கு முன் செத்த மீன்களுக்கெல்லாம் வருத்தம் என்றே பெயர் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆவியாகிப் போகிற தண்ணியை ஈடுசெய்ய நன்னீர் வேண்டும். நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமான தொட்டி. கல்லும் மணலும் போக நானூறு லீற்றருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணி பிடிக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் நாளுக்கு ஐந்தாறு லீற்றர் பறந்துவிடும். உப்புப் பறக்காது. அதனால் ஊற்றுவது நன்னீராகத்தான் இருக்கவேண்டும். வீட்டுக் கிணறு முற்றத்திலேயே இருக்கிறது. குடாநாட்டின் நான்கு பெரிய நிலத்தடி நீர்ப்படுக்கைகளில் வலிகாமத்துக்குக் கீழே இருப்பதே பெரியது. ஆய்வாளர்கள் அதற்கு எங்கள் ஊரான சுன்னாகத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைப் படித்தபோது பெருமையாக இருந்தது. ஆனால் வெங்காயத் தறைக்கும் புகையிலைக்கும் போட்ட பசளை, மலக்குழி ஊறல் எல்லாம் அந்தக் கல்லுக்குள்ளால் இறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றில் நிற்கின்றன. நைத்திரேற்று ஏறிய தண்ணியில் கடற்தொட்டி ஒரு மாதத்தில் பச்சை மயிர் முளைத்ததுபோல் பாசி பிடித்துவிடும். பிறகு 2014 இலும் 2015 இலும் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை வந்தது. குடிக்கவே பவுசர் தண்ணிக்கு வாளியோடு நின்ற காலம். மீனுக்குக் கிணற்றுத் தண்ணி என்ற எண்ணத்தை அதோடு விட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையை ஓட்டுக்கூரைப் பீலியில் பிடிக்கிறேன். முதல் இரண்டு மழையைக் கழுவ விட்டுவிட்டு, மூன்றாவது மழையிலிருந்து சேர்ப்பேன். இன்றைக்கும் அதுதான்.

என் கடை சுன்னாகம் சந்தைக்குக் கிட்ட. கப்பி, கோல்ட்பிஷ், பைற்றர், வளர்ந்த பிள்ளைகள் கேட்கிற ஏஞ்சல். வயிற்றுப்பாட்டுக்கு அது போதும். கடல்மீன் கடையில் இல்லை, வீட்டில்தான். 2015 தை மாதம் காங்கேசன்துறை வரைக்கும் ரயில் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகு, கொழும்பில் இரவு ஏற்றிய பெட்டியைக் காலையில் சுன்னாகம் ஸ்ரேசனில் இறக்கிக்கொள்ள முடிந்தது. ஒட்சிசன் நிரப்பிய பை பஸ்ஸின் அடித்தட்டில் வெந்து வருவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம். கடல்மீனைத் துணிந்து வாங்க அதுதான் காரணம்.

கோமாளி மீனைக் குழந்தைகளும் அறிவார்கள். 2003 இல் வந்த ‘நீமோ’ படம் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. எனக்கு அந்தச் செம்மஞ்சள் மீனில் ஆசை வரவில்லை. எல்லோரிடமும் இல்லாத ஒன்று வேண்டும் என்ற பிடிவாதம். மாலைதீவு, லட்சத்தீவு, இலங்கைக் கடல்களை விட்டால் வேறெங்கும் இல்லாத கறுப்புத் துடுப்புக் கோமாளி ஒன்று இருக்கிறது. நிகிரிபஸ் என்பார்கள். மெல்லிய செம்மஞ்சள் உடல், கண்ணுக்குப் பின்னே ஒரே ஒரு வெள்ளைக் கோடு, வயிற்றுப் பக்கத் துடுப்புகள் கரி பூசியதுபோல். 2016 இல் கொழும்பில் ஒரு சோடி கிடைத்தது. கடற்சாமந்திகளில் மக்னிபிக்கா என்ற ஒரே ஒரு வகையில்தான் அது குடியிருக்கும். என்னிடம் அது இல்லை. மீன் முதலில் வரட்டும், சாமந்தியைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று நினைத்தேன். இரண்டும் தொட்டியின் மூலையில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன, தீன் எடுக்கவில்லை. ஏழாம் நாள் தோலில் வெள்ளைச் சளி படர்ந்தது. புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி, கோமாளி மீன்களைக் கூட்டமாகக் கொல்வது. ஒன்பதாம் நாள் இரண்டும் இல்லை. வீடு இல்லாத உயிரைக் கொண்டுவந்து வெறுந்தொட்டியில் விட்டது நான். அதற்கு வேறு காரணம் தேட இன்றைக்கும் எனக்கு மனம் வருவதில்லை.

அதற்கு அடுத்த வருடம் ஒருவர் “செபே” என்ற கோமாளி வகை என்று சொல்லி ஒரு சோடி விற்றார். வளர்ந்து வர, வால் அடியில் மூன்றாவது வெள்ளைக் கோடு துலங்கியது. அது கிளார்க்கி என்ற வேறு கோமாளி. கிளார்க்கியைச் செபே என்று விற்பது உலகம் முழுக்க நடக்கிறது. கிரிஸ்பா என்ற சாமந்தியைக்கூடச் செபே சாமந்தி என்கிறார்கள். அதில் உண்மையான செபே ஒருநாளும் குடியிருப்பதில்லை. பெயர் பிழைத்தால் மீனும் பிழைத்துப்போகும். கிளார்க்கி, கோமாளிகள் குடியிருக்கிற பத்து வகைச் சாமந்தியிலும் இருக்கப் பழகியது. செபேக்கு ஒன்றே ஒன்றுதான்.

குருநகரில் கடலட்டைக்குச் சுழியோடுகிற ஒரு அண்ணை கடைக்கு வந்திருந்தார், மகளுக்கு மீன் வாங்க. கைப்பேசியில் கிளார்க்கியின் படத்தைக் காட்டி, இதைக் கடலில் கண்டிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

“உது பாருக்க நிக்கிறது, தம்பி. எங்கட பக்கம் மணலுக்க நிக்கிறது வேற. சாதாளை முளைச்ச இடத்தில சாக்கு விரிச்ச மாதிரி ஒண்டு கிடக்கும், கை பட்டால் ஒட்டிப் பிடிக்கும். அதுக்க கறுத்த மீன் நிக்கும். வால் மட்டும் மஞ்சள்.”

அவர் சொல்லி முடிக்கும்போதே எனக்கு உடம்பு புல்லரித்தது. மணலில் புதைந்து, விரிப்புப்போல் கிடந்து, தொட்டால் ஒட்டுவது ஹடோனிச் சாமந்தி. கறுத்த உடல், மஞ்சள் வால், முதுகுத் துடுப்புக்குள் ஏறிப் பின்னோக்கிச் சாய்கிற நடுக்கோடு, வாலடியில் கோடில்லாமை. அது செபே. மாலைதீவு வரை நான் கையை நீட்டிக்கொண்டிருக்க, தொட்டிகளில் உண்மையாகவே அரிதான மீன் என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய கடலில் நின்றிருக்கிறது.

பிறகுதான் தேடிப் படித்தேன். 1853 இல் பத்தாவியாவில் இராணுவ வைத்தியராக இருந்த பிளீக்கர் என்ற ஒல்லாந்தர் அதற்குப் பெயர் வைத்தார். அல்பேர்ட்டஸ் செபா என்ற ஆம்ஸ்டர்டாம் மருந்துக்கடைக்காரரின் நினைவாக வைத்த பெயர். செபா கப்பற்காரரிடம் கீழைக் கடல்களின் பிராணிகளை வாங்கிச் சேர்த்தவர். அவர் சேர்த்துக்கொண்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணம் ஒல்லாந்தரின் கையில் இருந்தது. பாக்கு நீரிணைக்கு அக்கரையில், மண்டபத்தில் உள்ள இந்திய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் செபேயைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்த முறையை 2001 இல் வெளியிட்டிருந்தார்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் கோமாளி மீன் வளர்ப்பில் நிறைய வேலை செய்தவர்கள். எனக்கு அந்தக் கட்டுரைகள் பாடப்புத்தகம். அவர்களின் தண்ணியும் என் தண்ணியும் ஒரே கடல்.

இந்தமுறை வீட்டைக் கட்டிவிட்டு மீனைக் கூப்பிடுவது என்று முடிவெடுத்தேன். கரையோரத்தில் முருகைக்கல் எடுப்பது சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் எடுக்கமாட்டேன், முழச் சதுரப் பாறைக்கு எத்தனை வருடம் என்று தெரிந்தவனுக்கு அது முடியாது. எங்கள் பழைய வளவின் மதில் முருகைக்கல்லால் கட்டியது, இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்தபோது பாதி விழுந்து கிடந்தது. அம்மப்பா காலத்துக் கல். அதில் இருபது கல்லைப் பொறுக்கி, பழைய சுண்ணாம்புச் சாந்தை உளியால் கொத்தி எடுத்தேன். சாந்து ஒட்டியிருந்தால் தண்ணியின் காரம் ஏறிவிடும். ஒரு மாரி முழுக்க மழைத்தண்ணியில் ஊறவிட்டு, வாரம் ஒருமுறை தண்ணி மாற்றினேன். பிறகு கடல்தண்ணியில் இருட்டில் வைத்து, ஒரு இறால் துண்டைப் போட்டு அழுகவிட்டேன். அழுகலில் வருகிற அமோனியாவைத் தின்கிற பற்றீரியா, அது கழிப்பதை நைத்திரேற்றாக்குகிற அடுத்த பற்றீரியா, இரண்டும் கல்லின் துளைகளுக்குள் குடியேற ஆறு கிழமை எடுத்தது. கல்லில் இளஞ்சிவப்பாக ஒரு மேலோடு படரத் தொடங்கியபோது, அம்மா கண்ணாடிக்குக் கிட்ட வந்து, “உது எங்கட மதிலே?” என்று கேட்டா. கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றா.

அடியில் ஐந்தங்குல மணல். ஹடோனி தன் காலை மணலுக்குள் இறக்கி அடிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பயந்தால் முழுதாக உள்ளே இழுத்துவிடும். மணல் ஆழமில்லாவிட்டால் அலையும். அலைகிற சாமந்தி பம்மின் வாய்க்குள் போய்க் கூழாகி ஒரே இரவில் தொட்டி முழுவதையும் கொன்றுவிடும். பம்மின் வாய்க்கெல்லாம் நுளம்புவலை சுற்றிக் கட்டினேன். 2018 இல் அனுமதிப்பத்திரத்தோடு பிடிக்கிற ஒரு சுழியோடி மூலம் கல்குடாப் பக்கமிருந்து ஒரு ஹடோனியும் அதில் குடியிருந்த செபேச் சோடியும் ஒன்றாகவே வந்தன. பிரித்து அனுப்பவேண்டாம் என்று கேட்டிருந்தேன். பாறைக்கல் முருகைகள் ஒன்றும் அந்தத் தொட்டியில் இல்லை. ஹடோனி எட்டுகிற இடத்தில் எதுவும் உயிரோடு இருக்காது. முழங்கை வரை கையை விட்டுவிட்டு அன்றிரவு முழுக்க நான் சொறிந்திருக்கிறேன். மீன் தொட்டி என்றால் பத்து வகை நீந்தவேண்டும் என்று எதிர்பார்த்து வருகிற விருந்தாளிகள் ஏமாந்துதான் போவார்கள்.

ஆனால் அந்த இரண்டும் இருந்த இருப்பு! பெண் என் கைச்சாண் அரைவாசிக்கு மேல், ஆண் அதில் பாதி. கோமாளிகளில் எல்லாம் ஆணாகத்தான் தொடங்கும். கூட்டத்தில் பெரியது பெண், அடுத்தது அதன் துணை, மற்றவை வளராமல் காத்திருக்கும். பெண் இறந்தால் துணை பெண்ணாகும். இதை 1977 இல் ஜேர்மன் ஆய்வாளர் பிரிக்கே தம்பதியர் எழுதினார்கள். சின்ன இறாலை நறுக்கிப் போட்டால் பெண் தான் தின்பதற்கு முன் பெரிய துண்டைக் கவ்விக்கொண்டுபோய்ச் சாமந்தியின் நடுவாயில் வைக்கும். ஆண் பக்கவாட்டாகத் திரும்பி உடம்பை நடுக்கி நிற்கும், நான் உனக்குக் கீழ் என்று சொல்வது அது. காலையில் விளக்குப் போட முன் இரண்டும் சாமந்தியின் மடிப்புக்குள் புதைந்து கிடக்க, மஞ்சள் வால் மட்டும் வெளியே தெரியும். கடை திறக்கப் பிந்திய நாட்கள் எல்லாம் அந்த வாலால்தான்.

2022 வந்தது. டொலர் ஏறியது, கடல் உப்புப் பைக்கு விலை கேட்கவே முடியாது. எனக்கு மாதகல் இருந்தபடியால் அது தாக்கவில்லை. பெற்றோல் இல்லாதபோது சைக்கிள் கரியரில் இரண்டு கான் கட்டி, கந்தரோடை, பண்டத்தரிப்பு தாண்டிப் போய்வந்தேன். கரண்ட்தான் கழுத்தைப் பிடித்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். பம் நின்றால் மேற்பரப்பு அசையாது, ஒட்சிசன் இறங்காது. தொட்டிக்கு மேல் சுழல்கிற காற்றாடி நின்றால் வெப்பம் 28 பாகையிலிருந்து 32 வரை ஏறும். சூடான தண்ணியில் ஒட்சிசன் நிற்கிற அளவும் குறையும். மோட்டார்சைக்கிள் பற்றரியில் ஓடுகிற காற்றுப்பம் ஒன்று வைத்திருந்தேன். அது திரும்பச் சார்ஜ் ஏறுவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும்.

பற்றரி இறங்கிய இரவில் தண்ணியை அள்ளி ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றினேன். கை ஓய்ந்தபோது அம்மா எழும்பி வந்தா. மூக்குப்பேணியைத் தூக்கினா. “அது வேண்டாம் அம்மா, பித்தளை. செம்பு கலந்தால் சாமந்தி செத்துப்போம்” என்று பிளாஸ்ரிக் சாடியைக் கொடுத்தேன். “நான் முழிச்சிருக்கிறன். நீ ஒரு மணித்தியாலம் படு மகன்.” தொண்ணூறுகளில் ஊரில் கரண்டே இல்லாமல் போத்தில் விளக்கில் என்னைப் படிக்க வைத்த மனுசி. கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டு, அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தா. அந்தச் சத்தத்தோடு நான் நித்திரையாகிப்போனேன்.

அப்படிப் பல இரவுகள் போயின. ஏப்ரல் நடுப்பகுதியில் ஒரு விடியற்காலை பெண் மணலில் சாய்ந்து கிடந்தது. பெரிய உடம்புக்குத்தான் ஒட்சிசன் கூட வேண்டும், அதுதான் முதலில் போகும். ஆண் அதற்குக் கிட்ட நின்று துடுப்பை வீசிக்கொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் தாட்டேன். நாலு வருடம்.

சாமந்தியும் ஒரு மாதம் சுருங்கி, நிறம் வெளிறிக் கிடந்தது. அதன் தோலுக்குள் குடியிருந்து வெளிச்சத்தில் உணவு சமைக்கிற நுண்பாசி, சூட்டில் வெளியேறிவிட்டது. கடலில் முருகைப் பார்கள் வெளிறுவதும் இதேதான். வெளிச்சத்தைக் குறைத்து, கிழமைக்கு இரண்டுமுறை மட்டிச் சதையைச் சின்னச் சின்னத் துண்டாக வாயில் வைத்தேன். பெண் செய்துவந்த வேலை அது. ஆவணிக்குத்தான் தவிட்டுநிறம் திரும்பியது.

அதற்குள் ஆண் வேறாகிவிட்டது. நடுங்குவதை நிறுத்தியது, இறால் துண்டைச் சாமந்திக்குக் கொண்டுபோகத் தொடங்கியது, உடம்பு பெருத்தது. அந்த வருடக் கடைசியில் விரல்நுனி அளவான ஒரு குஞ்சு எடுத்தேன். துளைபோட்ட பிளாஸ்ரிக் கூடைக்குள் பத்து நாள் சாமந்திக்குப் பக்கத்தில் வைத்துப் பழக்கிய பிறகு விட்டேன். துரத்தியது, கடித்தது, வாலில் ஒரு துண்டு போனது. மூன்றாம் நாள் குஞ்சு பக்கவாட்டாகத் திரும்பி நடுங்கியது. அதோடு துரத்தல் நின்றது. நாலு வருடம் அந்த நடுக்கத்தை நடுங்கிய மீனுக்கு முன்னால் இப்போது இன்னொன்று நடுங்குகிறது.

2024 இல் சோடி கல்லைத் துப்புரவாக்கத் தொடங்கியது. சாமந்தியின் ஓரம் தொடுகிற மதில் கல்லை வாயால் கொத்திக் கொத்தி உள்ளங்கை அளவுக்கு வெளுப்பாக்கின. முதல் இரண்டு முட்டைத் தொகுதியையும் தின்றுவிட்டன. புதுச் சோடிகள் அப்படித்தான், குழம்பத் தேவையில்லை. மூன்றாவது செப்ரெம்பரில். செம்மஞ்சள் நிறத்தில் நானூறுக்குமேல் முட்டைகள், கூர்நெல்மணிபோல் நட்டுவைத்திருந்தன. ஆண் இரவுபகலாகத் துடுப்பால் விசிறும், செத்த முட்டையை வாயால் பிடுங்கும். நாலாம் நாளுக்குப் பிறகு நிறம் மங்கி, ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு வெள்ளிப் புள்ளி தெரியும். அவை கண்கள்.

ஏழாம் நாள் பொழுதுபட்டு இரண்டு மணித்தியாலத்துக்குள் பொரிக்கும், ஆனால் முழு இருட்டு வேண்டும். தெருவிளக்கு ஜன்னலால் விழாமல் சாக்குக் கட்டினேன். விறாந்தை விளக்கு, குசினி விளக்கு, சாமிப்படத்தின் சின்ன பல்ப் எல்லாவற்றையும் நிறுத்தினேன். காற்றுப்பம் மட்டும் ஓடியது.

“கரண்ட் நிண்டிட்டுதோ மகன்?” என்றா அம்மா அறைக்குள்ளிருந்து.

“இல்லை அம்மா. நான்தான் நிப்பாட்டினனான்.”

ஒன்பது மணிக்கு ரோச் லைற்றை தொட்டியின் ஒரு மூலையில் வைத்தேன். வெளிச்சத்தைத் தேடி அவை வந்தன. மயிரிழையளவு உடம்பும் இரண்டு கண்ணும், நூற்றுக்கணக்கில். வலை போட்டால் செத்துவிடும், தண்ணியோடு சேர்த்து அள்ளவேண்டும். அம்மா இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு வந்து பிளாஸ்ரிக் சாடியைக் கையில் தந்தா. பின்வளவில் பச்சைத் தண்ணிப் பரலில் ரொட்டிபர் தயாராக இருந்தது, முதல் எட்டு நாளைக்கு அவற்றின் தீன் அது. முதல் சாடியை அள்ளி, கறுப்புத் தாள் ஒட்டிய சின்னத் தொட்டிக்குள் மெதுவாகச் சரித்தேன்.

பதினெட்டாம் நாள் பதினொன்று மிஞ்சியிருந்தன. எல்லாவற்றுக்கும் வால் மஞ்சள்.